கோணலான வாயு வட்டு தானாக நிமிராதா?

கேள்வி சுருக்கமாக இது: "கருந்துளைகளையும் சில விண்மீன்களையும் சுற்றுகிற வாயு வட்டுகள் தட்டையாக இல்லாமல் பொரித்த அப்பளம் மாதிரி கோணலாக இருக்கின்றன என்று படித்தேன். வாயுவுக்குள் உராய்வு இருக்கிறதே, அதுவே நாளடைவில் நிமிர்த்திவிடாதா? உராய்வு மிகக் குறைவு என்பதால்தான் கோணல் நிலைத்திருக்கிறதா? நம் சூரியக் குடும்பமும் இப்படிக் கோணலான வட்டிலிருந்து வந்திருக்குமா?"

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வட்டைக் கோணலாக்குவது எது என்பது ஒன்று. கோணலான பிறகு வட்டு என்ன செய்கிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் ஓரளவு எளிது. நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது இரண்டாவது. அதில் உங்கள் ஊகம் நியாயமானது, ஆனால் நடப்பது அதற்கு நேர் எதிர். உராய்வு குறையக் குறையக் கோணல் இன்னும் வேகமாகப் பரவி நிமிர்கிறது. இந்த வட்டுகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதே என் வேலையாகப் பல ஆண்டுகள் இருந்தது. முதலில் எனக்கும் இது நம்பும்படியாக இல்லை.

வட்டை ஒரே தகடாக நினைக்காதீர்கள். பல அளவு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் வைத்தது போல நினையுங்கள். ஒவ்வொரு வளையமும் தனக்குரிய வேகத்தில் சுற்றுகிறது. உள்ளே இருப்பது வேகமாக, வெளியே இருப்பது மெதுவாக. நடுவில் இருக்கும் பொருளின் ஈர்ப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால், வளையம் எந்தச் சாய்வில் இருந்தாலும் அதைத் தொந்தரவு செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு துணை விண்மீன் இருந்தாலோ, நடுவிலேயே இரண்டு விண்மீன்கள் இருந்தாலோ, நடுவில் இருப்பது சுழலும் கருந்துளையாக இருந்தாலோ அந்தச் சமச்சீர் போய்விடுகிறது. அப்போது சாய்ந்த வளையத்தின் மீது ஒரு திருப்புவிசை வருகிறது. அது வளையத்தைப் படுக்க வைப்பதில்லை. பம்பரம் வேகம் தளரும்போது விழாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுமே, அதே போல வளையத்தின் அச்சு தலையாட்டத் தொடங்குகிறது.

கோணல் வருவது இந்தத் தலையாட்டத்தின் வேகம் வளையத்துக்கு வளையம் வேறுபடுவதால்தான். சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு சுழல்கிறது என்று 1918-இல் லென்ஸும் திர்ரிங்கும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலிலிருந்து காட்டினார்கள். கருந்துளைக்குப் பக்கத்தில் அதனால் வரும் தலையாட்டம் தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வேகம் எட்டில் ஒரு பங்கு. துணை விண்மீன் வெளியே இருந்தால் கதை தலைகீழ், வெளி வளையங்கள்தான் வேகமாகத் தலையாட்டும். எப்படியானாலும் அடுத்தடுத்த வளையங்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துணியைப் பிழிவது போல வட்டு முறுக்கிக்கொள்ளும். முதலில் அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். விழுகிற வாயுவுக்குக் கருந்துளை எந்தத் திசையில் சுழல்கிறது என்று தெரியாது. வந்த திசையின் சாய்வோடுதான் வந்து சேரும். ஆகவே சாய்வு இருப்பதில் வியப்பில்லை, இல்லாமல் இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரு வளையம் சாய்ந்திருக்கும் சேதி பக்கத்து வளையத்துக்கு எப்படிப் போகிறது? உராய்வு வழியாக என்று நினைப்பது இயல்பு. பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இரண்டு அடுத்தடுத்த வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கட்டும். கிழக்குப் பக்கத்தில் உள் வளையத்தின் நடுத்தளம் வெளி வளையத்தின் நடுத்தளத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. வாயு அழுத்தம் நடுத்தளத்தில்தான் அதிகம். ஆகவே கிழக்கில் வட்டின் மேல்பாதி வாயு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது, கீழ்ப்பாதி உள்பக்கம் தள்ளப்படுகிறது. அதே வாயு அரைச் சுற்று சுற்றி மேற்குப் பக்கம் வரும்போது எல்லாம் மாறிவிடும். மேல்பாதி உள்ளே, கீழ்ப்பாதி வெளியே. ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வாயு உள்ளும் வெளியுமாகத் தள்ளி இழுக்கப்படுகிறது. இடுப்பில் நிறைகுடம் வைத்து நடக்கும்போது தண்ணீர் தளும்புவது மாதிரி ஒரு தளும்பல், ஆனால் மேலும் கீழும் எதிரெதிர்த் திசையில்.

இந்தத் தள்ளல் ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது போல அமைந்துவிடுகிறது. ஒரு வாயுத் துணுக்கை அதன் வட்டப் பாதையிலிருந்து சற்று உள்ளேயோ வெளியேயோ நகர்த்திவிட்டால் அது முன்னும் பின்னும் அலையும். அந்த அலைச்சலின் காலமும் அது நடுப்பொருளை ஒருமுறை சுற்றிவரும் காலமும் ஒன்றே. கோள்களின் பாதை மூடிய நீள்வட்டமாக இருப்பதற்கும் இதே பொருத்தம்தான் காரணம். தள்ளும் காலமும் அலையும் காலமும் ஒன்றாகிவிட்டதால் தளும்பல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போகும். அதற்குக் கடிவாளம் போடுவது உராய்வு மட்டுமே. தளும்பும் வாயு சும்மா தளும்பவில்லை, ஒரு வளையத்தின் கோண உந்தத்தை, அதாவது அதன் சுழற்சியின் அளவையும் திசையையும், அடுத்த வளையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆகவே உராய்வு குறைந்தால் தளும்பல் பெரிதாகும், சேதி வேகமாகப் போகும், கோணல் சீக்கிரம் பரவும்.

இதைக் கணக்காகக் காட்டியவர்கள் பாப்பலோய்ஸோவும் பிரிங்கிளும், 1983-இல். வட்டுகளின் உராய்வை 1973-இல் ஷகூராவும் சுன்யாயெவும் அறிமுகப்படுத்திய ஆல்பா என்ற ஒற்றை எண்ணால் அளப்பது வழக்கம். சிறிய கோணலுக்கு, கோணல் பரவும் வேகத்துக்கும் வாயு உள்ளே வடியும் வேகத்துக்கும் உள்ள விகிதம் ஆல்பாவின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, அதன் தலைகீழ். ஆல்பா 0.1 என்றால் 50 மடங்கு. அதே ஆய்வில் அவர்கள் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்கள்: அதுவரை எல்லோரும் பயன்படுத்திவந்த சமன்பாடுகள் கோண உந்தத்தைச் சரியாகக் காப்பாற்றவில்லை. ஒரு துறை எட்டு ஆண்டுகளாக நம்பிவந்த சமன்பாட்டை இப்படித் திருத்திக் காட்டியது பெரிய காரியம் என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு.

நான் இந்தத் துறைக்குப் புதிதாக வந்த நாளில், சாய்ந்த வட்டு ஒன்றைக் கணினியில் ஓட்டிவிட்டு, உராய்வைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி ஓட்டினேன். கோணல் இன்னும் நீண்ட நேரம் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அது முன்னைவிடச் சீக்கிரம் நிமிர்ந்துவிட்டது. நிரலில்தான் பிழை என்று இரண்டு வாரம் வரிவரியாகத் தேடினேன். பிறகு வட்டின் குறுக்குவெட்டை எடுத்து, மேல்பாதி வேகத்தை ஒரு நிறத்திலும் கீழ்ப்பாதி வேகத்தை இன்னொரு நிறத்திலும் வரைந்து பார்த்தேன். இரண்டும் எதிரெதிராக, ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் தளும்பிக்கொண்டிருந்தன. சமன்பாட்டில் படித்திருந்தும், கண்ணால் பார்த்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

உராய்வு இன்னும் குறைந்தால் பரவும் விதமே மாறுகிறது. வட்டின் தடிமனை அதன் ஆரத்தால் வகுத்து வரும் எண்ணைவிட ஆல்பா சிறியதானால், கோணல் மை பரவுவது போலப் பரவாமல் அலையாக ஓடும், ஒலியின் வேகத்தில் பாதி வேகத்தில். கோள்கள் உருவாகும் இளம் வட்டுகள் இந்த வகை. அந்த விகிதம் 0.1 என்றும் ஆல்பா 0.001 என்றும் வையுங்கள். கோணல் தன் ஆரத்தின் அளவு தூரத்தைக் கடக்க மூன்று சுற்றுக் காலம் போதும். வாயு அதே தூரம் உள்ளே வடிய சுமார் 16,000 சுற்றுகள் ஆகும். ஆகவே இப்படிப்பட்ட வட்டு பெரும்பாலும் தன் உடம்பு முழுவதையும் ஒரே துண்டாக வைத்துக்கொண்டு தலையாட்டும். நியூட்ரான் விண்மீன்களையும் கருந்துளைகளையும் சுற்றும் ஒளிமிக்க வட்டுகள் மிக மெல்லியவை, அவற்றின் ஆல்பாவும் 0.1 அளவில் இருப்பதாகத் தெரிகிறது. அவை மை பரவும் வகை. இது வரை சொன்னதை நான் தயங்காமல் சொல்லுவேன். பல குழுக்கள், பல விதமான நிரல்கள், காகிதத்தில் போட்ட கணக்கு எல்லாம் ஒத்துப்போகும் இடம் இது.

அப்படியானால் ஏன் இன்னும் கோணலான வட்டுகளைப் பார்க்கிறோம்? பல இடங்களில் கோணலாக்கும் விசை நின்றுபோவதில்லை, தொடர்ந்து வேலை செய்கிறது. நிமிர்த்துவதும் கோணலாக்குவதும் போட்டிபோட்டு ஒரு சமநிலைக்கு வருகின்றன. இதற்கு நான் எப்போதும் முதலில் எடுத்துக்காட்டுவது ஹெர்குலிஸ் எக்ஸ்-1. உகுரு செயற்கைக்கோள் 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த நியூட்ரான் விண்மீன் அது. 1.24 நொடிக்கு ஒரு துடிப்பு; துணை விண்மீனோடு 1.7 நாளுக்கு ஒரு சுற்று. இவை தவிர 35 நாளுக்கு ஒரு சுழற்சியும் உண்டு. சுமார் பத்துப் பதினொரு நாள் பளிச்சென்று எரியும், பிறகு மங்கும், நடுவில் ஒருமுறை லேசாகத் தலைகாட்டும். எக்ஸ் கதிர் மங்கியிருக்கும் நாட்களில் துணை விண்மீனைப் பார்த்தால், அதன் ஒரு பக்கம் எக்ஸ் கதிரால் சூடாகி 1.7 நாளுக்கு ஒருமுறை பிரகாசமாவது நிற்காமல் நடக்கிறது. அதாவது விளக்கு அணையவில்லை. நமக்கும் அதற்கும் நடுவில் ஏதோ ஒரு திரை வருகிறது. சாய்ந்து கோணலாகித் தலையாட்டும் வட்டுதான் அந்தத் திரை என்பது ஐம்பது ஆண்டுகளாக நிற்கும் விளக்கம்.

அந்த வட்டைச் சாய்வாகவே வைத்திருப்பது எது என்பது அவ்வளவு உறுதியில்லை. துணை விண்மீனின் ஈர்ப்பு தலையாட்ட வைக்கும், ஆனால் சாய்வை வளர்க்காது. 1996-இல் பிரிங்கிள் ஒரு வழி சொன்னார்: ஒளியே வளைக்கும். நடுவிலிருந்து வரும் கதிர் வட்டில் படும்போது திருப்புவிசை எதுவும் இல்லை. சூடான பரப்பு அந்த ஆற்றலைத் தன் பரப்புக்குச் செங்குத்தாக வெளியே உமிழும்போது எதிர்த்திசையில் ஒரு சிறு உதை கிடைக்கிறது. வட்டு தட்டையாக இருந்தால் இரண்டு பக்க உதையும் சமம். லேசாகக் கோணியிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்கம் மட்டும் வெயில்படுகிறது, அந்த உதை கோணலை இன்னும் வளர்க்கிறது. வட்டிலிருந்து கிளம்பும் காற்றின் எதிர்விசையும் இதே வேலையைச் செய்யலாம். இது போதாதென்று, அந்த 35 நாள் கடிகாரம் வட்டில் இருக்கிறதா, நியூட்ரான் விண்மீனே தலையாட்டி அதை நடத்துகிறதா என்ற பழைய விவாதம், எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை (அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) அளக்கும் இக்ஸ்பி செயற்கைக்கோளின் தரவுகளால் அண்மையில் மறுபடி கிளம்பியிருக்கிறது. வட்டு கோணலாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நடத்துவது யார் என்பதில் உண்டு.

கோணலை நேராகவே அளந்த இடம் வேண்டும் என்றால் என்ஜிசி 4258 என்ற விண்மீன் மண்டலத்தைச் சொல்லுவேன், நம்மிடமிருந்து சுமார் இரண்டரைக் கோடி ஒளியாண்டு தூரம். அதன் நடுவில் சுமார் நான்கு கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை. அதைச் சுற்றும் வட்டில் உள்ள நீராவி 22 கிகாஹெர்ட்ஸில் மேசராக, அதாவது லேசர் போன்ற கூர்மையான ரேடியோ அலையாக, ஒளிர்கிறது. 1995-இல் வெளியான அளவீட்டில், கண்டம் முழுக்கப் பரவிய ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து ஒவ்வொரு ஒளிப்புள்ளியின் இடத்தையும் வேகத்தையும் குறித்தார்கள். வேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி. கெப்ளர் விதியை ஒரு சதவீதப் பிழைகூட இல்லாமல் பின்பற்றுகிறது. ஆனால் புள்ளிகள் நேர்கோட்டில் இல்லை. ஒரு பக்கம் மெல்ல மேலேறி, மறுபக்கம் மெல்லக் கீழிறங்கி, வெயிலில் வைத்த பலகை மாதிரி சில பாகை கோணலாக இருக்கிறது. அங்கே ஒரு சுற்றுக்கு ஆயிரம் ஆண்டு என்ற கணக்கில் ஆவதால், அது நிமிர்கிறதா இல்லையா என்று நாம் காத்திருந்து பார்க்க முடியாது. ஒளியின் உதை, கருந்துளையின் சுழற்சி, வாயு வந்து விழுந்த திசையின் மிச்சம் மூன்றுமே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. மூன்றுக்கும் கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது என்பதுதான் சிக்கல்.

கோணலாக்கும் விசை சேதி போகும் வேகத்தையும் மிஞ்சிவிட்டால் வட்டு கிழிந்துபோகும். தனித்தனி வளையங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் தலையாட்டும். கருந்துளை வட்டுகளில் இது நடக்கலாம் என்று 2012-இல் நிக்ஸன், கிங் குழுவினர் கணினியில் காட்டினார்கள். பிரிந்த வளையங்கள் எதிரெதிர்ச் சாய்வில் மோதினால் அவற்றின் கோண உந்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வாயு திடீரென்று உள்ளே விழும். இளம் விண்மீன்களில் இதற்கு மிக அருகில் வருவது, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஜி.டபிள்யூ. ஓரியானிஸ். மூன்று விண்மீன்கள் நடுவில், சுற்றிலும் மூன்று தூசி வளையங்கள், உள் வளையம் மற்றவற்றிலிருந்து நன்றாகச் சாய்ந்து. 2020-இல் இரண்டு குழுக்கள் அல்மா தொலைநோக்கியால் இதைப் பார்த்தன. மூன்று விண்மீன்களின் ஈர்ப்பே வட்டைக் கிழித்துவிட்டது என்றது ஒரு குழு. அது போதாது, இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத கோள் இருக்கலாம் என்றது மற்றொன்று. இந்த வேறுபாடு பெரும்பாலும் ஆல்பாவும் தடிமனும் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வதில் வருகிறது. நேராக அளந்த அளவுகள் அல்ல அவை. நான் கிழிதல் பக்கம் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

கருந்துளைக்கு மிக அருகில் நடப்பதை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். 1975-இல் பார்டீனும் பெட்டர்ஸனும் சொன்னது: உள்பகுதி கருந்துளையின் நடுக்கோட்டோடு (சுழல் அச்சுக்குச் செங்குத்தான தளத்தோடு) ஒட்டிப் படுத்துவிடும், வெளிப்பகுதி தன் பழைய சாய்விலேயே நிற்கும். காந்தப்புலத்தையும் பொதுச் சார்பியலையும் முழுமையாகச் சேர்த்து, மெல்லிய வட்டில் இதைக் கணினியில் பார்க்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படுத்தது உண்மை, ஆனால் கோட்பாடு எதிர்பார்த்ததைவிடக் கருந்துளையை மிக ஒட்டிய சிறு பகுதி மட்டுமே. தடிமனான, உராய்வு குறைந்த வட்டில் அதுகூட நடக்கத் தேவையில்லை. ஊஞ்சல் உவமை அங்கே தளர்கிறது. புதனின் நீள்வட்டம் சரியாக மூடாமல் மெல்லத் திரும்புகிறதே, அதே சார்பியல் விளைவு கருந்துளைக்கு அருகில் மிகப் பெரிதாகி, தள்ளும் காலமும் அலையும் காலமும் பிரிந்துவிடுகின்றன. அப்போது சாய்வு உள்ளே போகப் போகக் குறையாமல் ஏறியிறங்கி அலைபோல நிற்கலாம். 2023-இல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுக் கருந்துளையருகிலிருந்து பீறிடும் தாரை சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை தலையாட்டுவதாக 22 ஆண்டுத் தரவை வைத்து அறிவித்தார்கள். சாய்ந்த வட்டுக்கு அழகான சான்று. ஆனால் 22 ஆண்டில் இரண்டு சுற்றுதான் அடங்கும். மூன்றாவது சுற்றும் அதே கால அளவில் வந்தால் நான் முழு நம்பிக்கையோடு சொல்லுவேன்.

நான் இதுவரை உராய்வு என்று சொன்னதில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வட்டில் உண்மையான உராய்வு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. காந்தப்புலம் கிளப்பும் கொந்தளிப்பைத்தான் ஆல்பா என்ற ஓர் எண்ணுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். அந்தக் கொந்தளிப்பு, வாயுவை உள்ளே வடியவைக்கும் அளவிலேயே மேல்-கீழ்த் தளும்பலையும் தடுக்குமா? அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறோம், நல்ல காரணம் இருந்தாலும் அது ஓர் எடுகோள்தான். தளும்பல் மிகப் பெரிதானால் தானே குலைந்து கொந்தளிப்பாகும் என்று 2000-இல் கேமி, குட்மன், ஓகில்வி காட்டினார்கள். அப்படிக் குலைந்தால் உராய்வு குறைவான வட்டும் தனக்குத்தானே தடைபோட்டுக்கொள்ளும். ஆகவே "குறைந்த உராய்வு, வேகமான நிமிர்வு" என்பது சிறிய கோணலுக்கு உறுதி. பெரிய கோணலில் இன்னும் வேலை பாக்கி.

சூரியனைப் பற்றிய கடைசிப் பகுதிக்கு வருகிறேன். சூரியனின் நடுக்கோடு கோள்களின் சராசரித் தளத்திலிருந்து சுமார் 6 பாகை சாய்ந்திருக்கிறது. கோள்களெல்லாம் ஒரே தளத்தை ஒட்டி இருப்பதால், அவற்றைப் பெற்ற வட்டு தனக்குள் பெரிதாகக் கோணியிருக்கவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. மேலே சொன்ன அலைவேகத்தைப் பார்த்தால் அதுவும் பொருத்தமே. ஆனால் வட்டு முழுவதும் ஒரே துண்டாகச் சூரியனிடமிருந்து சாய்ந்திருக்கலாம். பின்னால் வந்து விழுந்த வாயு வேறு திசையிலிருந்து வந்திருக்கலாம், கடந்துபோன ஒரு விண்மீன் தட்டிவிட்டிருக்கலாம், இளம் சூரியனின் காந்தப்புலம் செய்திருக்கலாம், நெப்டியூனுக்கு அப்பால் இன்னும் காணாத ஒரு கோள் பிற்பாடு செய்திருக்கலாம். நாலும் 6 பாகையைத் தர வல்லவை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்றைக்கு என்னிடம் காரணம் இல்லை.